மாற்றுத்திறனாளிகளுக்கு விளையாட்டும் உடற்பயிற்சியும்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இயன்முறை சிகிச்சை பார்ப்பது என் தொழில். மாலை நேரங்களில் மாற்றுத்திறனாளிகள் பயிற்சி எடுக்கும் இடத்தில் கூட நிற்பேன். அம்பை, வள்ளியூர், திசையன்விளை, தென்காசி என்று எங்கிருந்து வந்தாலும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

"ஏற்கெனவே முடியாத பிள்ளை. விளையாட விட்டு இன்னும் எதாவது ஆயிட்டா என்ன செய்யது?"

பிள்ளை மேல் உள்ள பிரியத்தில் கேட்கிறீர்கள், புரிகிறது. ஆனால் நான் சிகிச்சை பார்க்கும் தொல்லைகளில் பாதி, விளையாடி வந்தவை அல்ல, உட்கார்ந்தே இருந்து வந்தவை. மூட்டு மடங்கி இறுகிப்போவது, படுக்கைப்புண், மலச்சிக்கல், எலும்பு வலுவிழப்பது, எடை ஏறிச் சர்க்கரை வருவது எல்லாம் அசையாமல் இருப்பதால் வருபவை. பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டுக்குள் வைத்திருக்கும்போதே இவை ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனியாக அளவு சொல்லியிருக்கிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே வாரத்தில் 2 நாளாவது தசைகளுக்கு வலுப் பயிற்சி. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம். உடல் குறைபாடு இல்லாதவர்களுக்குச் சொல்லும் அதே அளவுதான். இதை எடுத்த எடுப்பிலேயே எட்ட வேண்டியதில்லை. நாளுக்குப் பத்து நிமிடத்தில் ஆரம்பித்துப் பையப் பையக் கூட்டலாம்.

தொடங்குமுன் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். இதயக் கோளாறு, வலிப்பு, கழுத்து எலும்புப் பிரச்சினை, ஆறாத புண் இவை உண்டா என்று அவர் பார்க்க வேண்டும்.

"பிசியோதெரபிக்குத்தான் போறோமே, அது போதாதா?"

போதாது. அதே வேலை பார்க்கிற நானே சொல்கிறேன். சிகிச்சை, இழந்த அசைவை மீட்கவும் இருப்பதைக் காக்கவும் உதவும். ஆனால் மூச்சு வாங்கும் அளவுக்கு உழைப்பு, கூட்டாளிகள், தோற்றுவிட்டு மறுநாள் திரும்ப வருகிற வீம்பு இதெல்லாம் சிகிச்சை மேசையில் கிடைக்காது. கையை இருபது தடவை தூக்கச் சொன்னால் முகம் சுளிக்கிற பையன், பந்தைக் கொடுத்தால் நூறு தடவை எறிவான்.

"எந்த உடம்புக்கு எந்த விளையாட்டு சரிப்படும்?"

பெயரை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். எந்தத் தசை வேலை செய்கிறது, உட்கார்ந்தால் முதுகு நிற்கிறதா, கைப்பிடி எப்படி, கண் எவ்வளவு தெரிகிறது என்பதைப் பாருங்கள். இருப்பதை வைத்துத் தொடங்குவதுதான் முறை.

ஒரு காலில் குறை உள்ளவர்கள் ஓட்டம், தாண்டுதல், பாட்மின்டன், நீச்சல் எதற்கும் வரலாம். சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் வலது கால்மேல் பேருந்து ஏறி நசுங்கியது. 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். பிறகு டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். இரண்டு காலும் வராதவர்களுக்கு உட்கார்ந்தபடி குண்டு, வட்டு, ஈட்டி எறிதல், பளுதூக்குதல், சக்கர நாற்காலிக் கூடைப்பந்து உண்டு. அந்தக் கூடைப்பந்தில் வளையத்தின் உயரம் எல்லோருக்கும் உள்ள அதே 3.05 மீட்டர்.

அமர்ந்து ஆடும் கைப்பந்தை நம் ஊர்களுக்கு நான் மிகவும் பரிந்துரைப்பேன். 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் இடம் போதும். வலையின் மேல் விளிம்பு ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர். பந்தைத் தொடும்போது புட்டம் தரையில் பட்டிருக்க வேண்டும் என்பதுதான் முக்கிய விதி. சக்கர நாற்காலி தேவையில்லை. வலை கிடைக்காத ஊரில் கயிறு கட்டியே பழகலாம்.

கை, கால், கழுத்து எதுவுமே சரியாகக் கட்டுப்பாட்டில் இல்லாத மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கு 'போச்சியா' இருக்கிறது. ஒரு வெள்ளைப் பந்தை முதலில் போட்டுவிட்டு, ஒரு தரப்பு 6 சிவப்புப் பந்தும் மறு தரப்பு 6 நீலப் பந்தும் அதற்கு எவ்வளவு பக்கத்தில் சேர்க்க முடியும் என்று ஆடுவது. கையால் எறிய முடியாதவர் சரிவுப் பலகை வைத்து உருட்டலாம். தலையில் பொருத்திய குச்சியால் பந்தைத் தள்ளி விடுபவர்களும் உண்டு. பாராலிம்பிக்கில் உள்ள முழுமையான விளையாட்டு இது. பொழுதுபோக்குக்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

"பனையில இருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு 34 வயசு. அவுக இனி என்ன விளையாட முடியும்?"

தேரிக்காட்டுப் பக்கமிருந்து இந்தக் கேள்வி வராத வருடமில்லை. பனையேறி உழைத்த உடம்பு என்பதால் அவருடைய தோளிலும் கையிலும் ஏற்கெனவே வலு இருக்கும். எறிதல், பளுதூக்குதல், கூடைப்பந்து எல்லாமே அவருக்குத் திறந்திருக்கின்றன. ஆனால் நான்கு விஷயத்தைக் குடும்பமே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலில் தோல். உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் வந்தால் வலிக்காது. அரை மணிக்கு ஒருமுறையாவது முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ இரண்டு நிமிடம் புட்டத்தின் பாரத்தை எடுக்கச் சொல்லுங்கள். பயிற்சி முடிந்ததும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவந்த இடம் அரை மணியில் மாறாவிட்டால், அது மாறும்வரை அந்தப் பக்கம் அழுத்தி உட்காரக் கூடாது. அடுத்தது தோள்பட்டை. சக்கரம் தள்ளுவதும் கட்டிலுக்கு மாறுவதும் அந்தத் தோள்தான். அது போனால் இரண்டாவது முறை விழுந்ததற்குச் சமம். தள்ளும் வேலை தினமும் நடப்பதால், பயிற்சியில் முதுகுப் பக்கமாக இழுக்கும் அசைவுகளைக் கூடுதலாகச் செய்ய வேண்டும்.

மூன்றாவது வெயில். தண்டுவடம் அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது. எவ்வளவு மேலே அடிபட்டதோ அவ்வளவு சீக்கிரம் உடம்பு சூடேறும். சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்குள் பயிற்சியை முடித்துவிடுங்கள். ஈரத் துண்டும், செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலும் பக்கத்தில் இருக்கட்டும். சிறுநீர்த் தொல்லைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது ரொம்பத் தவறு.

நான்காவது, ஆறாவது மார்பு முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு மட்டும். திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்வை வந்தால் ரத்த அழுத்தம் கட்டுக்கு மீறி ஏறுகிறது என்று பொருள். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா பாருங்கள். அடங்காவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனை. படுக்க வைக்கக் கூடாது.

அவரிடம் ஒன்று சொல்லுங்கள். ஆய்க்குடி எஸ்.இராமகிருஷ்ணன் 1975-இல் பொறியியல் மாணவராகக் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் பத்மஸ்ரீ. நம் பக்கத்து மண்தான்.

"எங்களுக்கு ஊரு கிராமம். கிரவுண்டும் கிடையாது, ஜிம்மும் கிடையாது."

பழைய சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்தால் முதுகுக்கும் தோளுக்கும் பயிற்சி ஆயிற்று. முந்தின பதிலில் சொன்ன இழுக்கும் அசைவு இதுதான். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் மணல் நிரப்பினால் ஒன்றரைக் கிலோ தேறும். பழைய காலுறையில் மணலை அடைத்துத் தைத்தால் போச்சியாப் பந்து. தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டு வாசலிலேயே ஆடலாம்.

எறிதல் பழக ஆடாத நாற்காலி வேண்டும். நாலு முளை அடித்துக் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள். இருக்கை, மெத்தை எல்லாம் சேர்த்து 75 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால், பிறகு போட்டிக்குப் போகும்போது உயரம் மாறாது. தொடையையும் இடுப்பையும் அகலப் பட்டையால் கட்டுங்கள். கயிறு வேண்டாம், தோலை அறுக்கும்.

ஆற்றுப் படித்துறையில் நீச்சல் பழக்கலாமா என்றும் கேட்கிறார்கள். தாமிரபரணியில் அணைத் தண்ணீர் திறந்தால் இழுப்பு மாறிவிடும். கால் ஊன்ற முடியாதவர்கள் முதலில் நீச்சல் குளத்தில், ஆளுக்கொரு துணையாள் பக்கத்தில் நிற்கப் பழகட்டும்.

"பாளையங்கோட்டைக்கு வந்தா யாரைப் பாக்கணும்?"

இரண்டு இடம். ஒன்று அண்ணா விளையாட்டரங்கத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகம். மற்றது கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர். முன்னதில் பயிற்சி, போட்டி விவரம். பின்னதில் அடையாள அட்டை, உபகரணங்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டியும் போட்டிகள் நடக்கும். முதல் போட்டிக்கு இது நல்ல இடம்.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் கட்டணம் கிடையாது. தென்காசிப் பக்கத்தவர்கள் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தில் விசாரித்தாலே போதும், அவ்வளவு தூரம் வர வேண்டாம்.

"கண்ணு தெரியாதவுக எப்படி ஓட முடியும்? விழுந்துட மாட்டாகளா?"

வழித்துணை ஓட்டக்காரர் ஒருவரோடு, இருவர் கையையும் இணைக்கும் ஒரு சிறு கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். துணையாள் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. எல்லைக்கோட்டை வீரர்தான் முதலில் தாண்ட வேண்டும். ஊரில் தொடங்க ஒரு நண்பரும் ஒரு கைக்குட்டையும் போதும்.

கிரிக்கெட்டில் பந்துக்குள் சத்தம் போடும் சின்ன உலோகக் குண்டுகள் இருக்கும், கையைத் தாழ்த்தி உருட்டிப் போடுவார்கள். பதினோரு பேரில் குறைந்தது நாலு பேர் முழுக்கப் பார்வையற்றவர்கள், அவர்கள் எடுக்கும் ஓட்டம் இரண்டாகக் கணக்கு. 2025-இல் முதன்முறையாக நடந்த பார்வையற்ற மகளிர் டி20 உலகக் கோப்பையை இந்தியாதான் வென்றது. ஒலிப் பந்து கிடைக்கும்வரை சாதாரணக் கால்பந்தை பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டுங்கள். சரசரவென்று சத்தம் கேட்கும்.

"காது கேக்காத பையன் நல்லா ஓடுதான். பாராலிம்பிக்குக்கு அனுப்பலாமா?"

முடியாது. பாராலிம்பிக்கில் காது கேளாதவர்களுக்குப் பிரிவே இல்லை. அவர்களுக்கு டெஃப்லிம்பிக்ஸ் தனியாக இருக்கிறது. 1924-இல் பாரிஸில் தொடங்கியது, பாராலிம்பிக்கை விடப் பழையது. இரண்டில் கொஞ்சம் நன்றாகக் கேட்கும் காதிலும் 55 டெசிபலுக்குக் குறையாத இழப்பு இருக்க வேண்டும். போட்டியின்போது காது கருவியைக் கழற்றிவிட வேண்டும். மதுரை ஜெர்லின் அனிகா 2022-இல் பிரேசிலில் நடந்த டெஃப்லிம்பிக்ஸில் பாட்மின்டனில் மூன்று தங்கம் வாங்கினார்.

ஊர்ப் போட்டியில் மற்றப் பிள்ளைகளோடு ஓட விடுங்கள். துப்பாக்கிச் சத்தத்தோடு ஒரு கொடியையும் அசைக்கச் சொல்லிக் கேட்டால் போதும்.

"டவுன் சிண்ட்ரோம் பிள்ளை. குட்டிக்கரணம் போட ஆசைப்படுதா, விடலாமா?"

கழுத்தைப் பரிசோதிக்கும்வரை வேண்டாம். சில டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிப்புத் தளர்வாக இருக்கும். குட்டிக்கரணம், தலைகுப்புறத் தண்ணீரில் பாய்வது, பட்டாம்பூச்சி நீச்சல் இவை தண்டுவடத்தை நசுக்கிவிடலாம். நடை தடுமாறுவது, கழுத்து வலி, புதிதாகச் சிறுநீர் அடங்காமல் போவது தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பிறவி இதயக் கோளாறும் இவர்களிடம் அதிகம், அதையும் பார்த்துவிடுங்கள்.

மற்றபடி நடனம், ஓட்டம், பந்தெறிதல் எல்லாம் ஆடட்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் 8 வயதிலிருந்து போட்டியிடலாம். திறமையில் ஒத்தவர்களைக் குழுவாகப் பிரித்துத்தான் ஆட விடுவார்கள் என்பதால் எல்லாப் பிள்ளைக்கும் ஜெயிக்க வாய்ப்பு உண்டு.

"விளையாட்டு வீல்சேர் ரொம்ப விலையாமே? நாங்க எங்க போக?"

முதல் வருடத்துக்கு அது தேவையே இல்லை. சக்கரம் சாய்ந்து, பின்னால் கவிழாமல் தாங்கும் சின்னச் சக்கரத்தோடு வருகிற அந்த நாற்காலி, கூடைப்பந்துக்கும் டென்னிஸுக்கும்தான் கட்டாயம். எறிதலுக்கும் பளுதூக்குதலுக்கும் போச்சியாவுக்கும் வேண்டாம். வீட்டு நாற்காலியிலேயே வேகமாக ஆடப் பழகுவது மட்டும் ஆபத்து, பின்னால் மல்லாந்து விழுவார்கள்.

செயற்கைக் காலும் இப்படித்தான். ஓடுவதற்கான வளைந்த தகட்டுக் கால் பிறகு பார்க்கலாம். தினமும் போடும் காலோடு நடை, சைக்கிள் எல்லாம் செய்யலாம். நம் ஊர் வியர்வையில் தோல் உரியும், அதனால் நடுவில் கழற்றித் துடைத்து, காலுறையை மாற்றுங்கள்.

"பொம்பளப் பிள்ளைய எப்படித் தனியா அனுப்புறது?"

தனியாக அனுப்ப வேண்டாம், கூட வாருங்கள். பயிற்சி நடக்கும் நேரமெல்லாம் பெற்றவர்கள் உட்கார்ந்து பார்க்க விடாத இடம் என்றால் சேர்க்காதீர்கள். முதல் நாளே கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். சக்கர நாற்காலி உள்ளே போகிறதா, கதவு தாழ் போடுகிறதா? கழிப்பறை சரியில்லாததால் தண்ணீர் குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்று வந்து விளையாட்டை விட்ட பெண்கள் எத்தனையோ பேர். தூக்கி உட்கார வைக்க உதவி தேவைப்பட்டால் யார் தொடலாம், எப்படித் தொடலாம் என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்.

2024 பாரிஸில் பாட்மின்டனில் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் இருவரும் வெண்கலமும் வாங்கினார்கள். மூவரும் தமிழ்நாட்டுப் பெண்கள்.

"40 சதவீதம் ஊனம்னு சர்ட்டிபிகேட் இருக்கு. போட்டியில சேக்க மாட்டோம்னு சொல்லுதாங்களே, நியாயமா?"

அரசுச் சான்றிதழின் சதவீதம் சலுகைகளுக்கானது. போட்டிக்கு வேறு அளவுகோல். ஒவ்வொரு விளையாட்டிலும் குறைந்தபட்சக் குறைபாடு இவ்வளவு இருக்க வேண்டும் என்று விதி உண்டு, அதைப் பயிற்சி பெற்ற குழு நேரில் சோதித்து வகை ஒதுக்கும். தடகளத்தில் இந்த வகைகளுக்கு எண் உண்டு: 11 முதல் 13 வரை பார்வைக் குறைபாடு, 20 அறிவுசார் குறைபாடு, 31 முதல் 38 வரை மூளை முடக்குவாதம் போன்றவை, 40, 41 குள்ளமானவர்கள். நாற்பதுகளின் மற்ற எண்கள் கை, கால் குறைபாடு, ஐம்பதுகள் சக்கர நாற்காலி அல்லது அமர்ந்து எறிபவர்கள், அறுபதுகள் செயற்கைக் கால் அணிபவர்கள். முன்னால் டி வந்தால் ஓட்டமும் தாண்டுதலும், எஃப் வந்தால் எறிதல்.

ஒரு விளையாட்டில் தகுதி இல்லையென்றால் மற்றொன்றில் இருக்கலாம். எதிலும் இல்லையென்றால் ஊர்க் குழுக்களில் எல்லோரோடும் ஆடட்டும். உடம்புக்குக் கிடைக்கும் பலன் ஒன்றுதான்.

"சோதிக்கும்போது கொஞ்சம் கூடுதலா முடியாத மாதிரி காட்டினா லேசான பிரிவு கிடைக்குமாமே?"

இதைச் சொல்லிக் கொடுக்கும் பயிற்சியாளரிடம் பிள்ளையை விடாதீர்கள். வேண்டுமென்றே ஏமாற்றியது தெரிந்தால் தடை விதிப்பார்கள். சோதனையோடு நிற்காது, போட்டியில் ஆடும்போதும் கவனிப்பார்கள். டோக்கியோ பாராலிம்பிக்கில் எஃப்-52 வட்டு எறிதலில் இந்திய வீரர் ஒருவர் வென்ற வெண்கலம், அந்தப் பிரிவுக்கு அவர் தகுதியில்லை என்று முடிவாகிப் பறிபோனது. அதைவிட முக்கியம், உண்மையிலேயே அந்த அளவு முடியாத ஒரு பிள்ளையின் இடத்தை நாம் பிடுங்குகிறோம்.

"தினமும் மாத்திரை சாப்பிடுதான். ஊக்கமருந்து சோதனையில மாட்டுவானா?"

மாட்டலாம். ஸ்டீராய்டு மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, வேறு சில மருந்துகள் தடைப் பட்டியலில் உள்ளன. அதற்காக மருந்தை நிறுத்தவே கூடாது. சிகிச்சைக்கான விலக்கு என்று முன்கூட்டியே விண்ணப்பிக்க வழி இருக்கிறது. மருத்துவரின் சீட்டுகளை ஒன்று விடாமல் சேர்த்து வையுங்கள். மாத்திரை வலிப்புக்கு என்றால், நீச்சலில் கண் எடுக்காமல் பார்க்க ஒருவர் வேண்டும்.

"மெடல் வாங்கினா கவர்மென்ட் வேலை கிடைக்குமா?"

தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அது தவிர, 2016-ஆம் ஆண்டு உரிமைகள் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம். பாரிஸ் பதக்கத்துக்கு மாநில அரசு வெள்ளிக்கு 2 கோடியும் வெண்கலத்துக்கு 1 கோடியும் கொடுத்தது. ஆனால் அந்த இடத்துக்குப் போகிறவர்கள் மிகச் சிலர். வேலைக்காக மட்டும் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பினால், இரண்டு தோல்வியில் நீங்களே நிறுத்திவிடுவீர்கள். படிப்பை விடாமல் விளையாடட்டும்.

"எனக்கு 58 வயசு. சின்னதுல போலியோ வந்த காலு. இப்ப அசதி கூடுது. இன்னும் பயிற்சி செஞ்சா சரியாவுமா?"

இங்கே மட்டும் மேலே சொன்னதற்கு மாறாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. போலியோவுக்குப் பல பத்தாண்டுகள் கழித்து, அதுவரை கூடுதல் பாரம் சுமந்த தசைகள் தளரத் தொடங்கலாம். புதுப் பலவீனம், அசதி, வலி, குளிர் தாங்காமை வரும். இதை வைராக்கியமாகப் பயிற்சி செய்து வெல்லப் பார்த்தால் தசை இன்னும் மோசமாகும். முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், தைராய்டு, ரத்தசோகை போன்ற வேறு காரணம் இல்லையென்று உறுதியாகட்டும்.

பிறகு, வலு உள்ள தசைகளுக்கு மட்டும் லேசான பயிற்சி. இரண்டு மூன்று நிமிடம் செய்து ஒரு நிமிடம் ஓய்வு. மறுநாள் காலையிலும் வலி, அசதி இருந்தால் நேற்றுச் செய்தது அதிகம், பாதியாகக் குறையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அசைவது நல்லது. காலிபர் (காலைத் தாங்கப் போடும் கருவி) பழையதாகித் தளர்ந்திருந்தால் அதை மாற்றினாலே பாதி அசதி குறையும், வரும்போது அதையும் கையோடு கொண்டு வாருங்கள்.